திரட்டிக் கோபுரம்

ஜூன் 26

கோயம்புத்தூர் வந்தாயிற்று. மூன்று வாரம் தங்க வேண்டும். ஆளவந்தார் சார் தனக்கு ஹோட்டலும் எனக்கு லாட்ஜும் போட்டிருக்கிறார். அங்கே சோப்புக்கு உறை இருக்கும். இங்கே சோப்பே போன ஆள் விட்டுப்போனது.

வேலை இது: ஒண்டிப்புதூர் தாண்டி வஞ்சியம்மன் மில் என்று ஒன்று. ஒரு காலத்தில் நூலும் காடாத் துணியும் செய்தார்கள். இருபது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இப்போதைய முதலாளி நவநீதன் அதைப் புதுப்பித்துக் கல்யாண மண்டபம் ஆக்கப் போகிறார். பழைய கட்டடங்களைச் சீரமைப்பதில் ஆளவந்தார் சார் பெரிய புள்ளி. நான் அவருடைய உதவியாளர். பழைய போட்டோக்களைத் தேடிப் பிடித்து, கட்டடத்தின் முன்னால் நின்று ஒப்பிட்டு, எது ஆதியில் கட்டியது, எது பிற்பாடு ஒட்டவைத்தது என்று சொல்வது என் பாடு. கட்டடத்துக்கு ஜாதகம் பார்ப்பவள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கூரையைப் பார்த்தேன். ரம்பத்தின் பல் மாதிரி பதினான்கு பல். ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கமும் கண்ணாடி, எல்லாம் வடக்கு பார்த்து. வெயிலை வெளியே நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிறது. புறா எச்சம், ஒழுகல், துரு எல்லாம் இருக்கிறது. இருந்தும் உள்ளே போய் நின்றதும் வாயைப் பிளந்துவிட்டேன். இதை சாரிடம் சொல்லக்கூடாது. உணர்ச்சிவசப்படுவது தொழிலுக்கு ஆகாது என்று ஒரு மணி நேரம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவார்.

ஜூன் 27

வள்ளியூரிலிருந்து அக்கா போன். அவள் மகள் அபிதா பெரியவளாகிவிட்டாளாம். ஆடி பிறந்துவிட்டால் செய்ய முடியாது என்பதால் ஆனி கடைசி நாளான ஜூலை 16இல் சடங்கு.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய பிளெக்ஸ் வைக்கணும்னு அத்தான் ஒத்தக்கால்ல நிக்காவ. நீ ரெண்டு நா முன்னாடியே வந்துரு."

"வேலை இருக்குக்கா."

"ஒனக்கு எப்பந்தான் வேல இல்ல? ஒனக்கு எவ்வளவு ஜோரா செஞ்சோம், ஞாபகம் இருக்காட்டி?"

இல்லை என்றேன். உண்மையிலேயே எதுவும் நினைவில்லை. வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்ததால் போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 29

மில் ஆபீசின் இரும்பு பீரோவைத் திறந்தோம். ராமபாணப் பூச்சி தின்று மிச்சம் வைத்த ஒரு ஆல்பம். அதில் ஒரு போட்டோவைப் பார்த்ததும் சார் நாற்காலியைத் தேடினார்.

மில்லின் முகப்பு. அதன் முன்னால் ஒரு கோபுரம்! நான்கு அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் வளைவு, உச்சியில் குமிழ். எல்லாம் செங்கல். கீழே மில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். இப்போது அந்த இடத்தில் கோபுரமும் இல்லை, கோபுரம் இருந்த அடையாளமும் இல்லை.

பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது: "திரட்டி. ஆனி 1951."

சார் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். திறந்தபோது ஞானம் வந்துவிட்டிருந்தது. "தூசி திரட்டி! மில்லுல பஞ்சுத் தூசி பறக்கும் இல்லையா? அதை உறிஞ்சி ஒரே இடத்துல திரட்டற கோபுரம். நிதி திரட்டறோம், தகவல் திரட்டறோம், அது மாதிரி. 1951லேயே இதுக்குத் தமிழ்ல பேர் வெச்சிருக்கான் பாரு, சக்தி!"

என் முழுப்பெயர் பிரம்மசக்தி. சாருக்கு முதல் பாதி வேண்டாம். அது அவரிடமே இருக்கிறது என்று நினைக்கிறாரோ என்னவோ.

வாட்ச்மேன் மாரப்பன் கதவோரம் நின்றிருந்தார். சார் மூன்றாவது முறை "திரட்டி" என்றபோது அவருக்குப் பயங்கரமாக இருமல் வந்து வெளியே போய்விட்டார். பாவம், பழைய மில்லின் தூசி.

ஜூலை 1

நவநீதன் வந்தார். ஊட்டி கான்வென்ட், பிறகு லண்டன். தமிழ் நன்றாகப் பேசுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது மட்டும் பஸ் போர்டு படிப்பவர் மாதிரி நெற்றியைச் சுருக்குவார். சார் கோபுரத்தை விளக்கியதும் குதித்துவிட்டார்.

"இதுதான் சார் நமக்கு வேணும். வெறும் ரம்பக் கூரைய வெச்சுட்டு எவன் கல்யாணம் பண்ண வருவான்? கோபுரத்தை அப்படியே கான்கிரீட்ல ஏத்திடலாம். பேரே 'தி திரட்டி'ன்னு வெச்சுடலாம்."

கான்கிரீட் கோபுரத்துக்கு அஸ்திவாரம் வேண்டும், கார் சுற்றிவர வழி வேண்டும். ஆகவே கூரையின் முதல் இரண்டு பல்லை இடிக்க வேண்டுமாம். நான் ஆட்சேபித்தேன். சார் போட்டோவைத் தட்டிக் காட்டினார். "இதுல பன்னிரண்டு பல்தான் தெரியறது. அந்த இரண்டும் பிற்பாடு கட்டினது. போட்டோ பொய் சொல்லாது."

அந்த இரண்டு பல்லும் கோபுரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கலாமே என்றேன். பதினான்கு பல்லையும் தாங்கும் இரும்புத் தூண்களில் ஒரே வார்ப்பட ஆலையின் முத்திரை, ஒரே வருடம் இருப்பதையும் சொன்னேன். சார் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலமே இரண்டு பல்லிலும் சிவப்பு பெயின்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டார்கள். ஆடிக்கு முன்னால், 14ஆம் தேதி பூமி பூஜை. அன்றைக்கே ஜேசிபி.

ஜூலை 3

வாசலில் "தி திரட்டி - ஹெரிட்டேஜ் வெட்டிங்ஸ்" என்று போர்டு வந்துவிட்டது. டீக்கடைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கிறார்கள். மாரப்பன் போர்டுக்கு அடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த ஊர்க்காரர்கள் சிரித்த முகம் உடையவர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், சரிதான்.

போட்டோவின் மூலையில் ஸ்டூடியோ முத்திரை இருந்தது. டவுன்ஹால் பக்கம் விசாரித்துப் போனேன். பேரன் அருமைநாயகம் நடத்துகிறார், இப்போது பாஸ்போர்ட் படமும் லேமினேஷனும்தான். பரணில் தாத்தா காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்கள். இறக்கித் தருகிறேன், உடைந்தால் நீங்களே பொறுப்பு என்றார். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கினோம். கோபுரம் கிடைத்துவிட்டது.

ஜூலை 4

கண்ணாடி நெகட்டிவை ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் ஆள் சட்டையின் பொத்தானை எண்ணலாம். நான் செங்கல்லை எண்ணினேன்.

கோபுரத்தின் சுவரையொட்டி ஒரு தலைப்பாகைக்காரர் நிற்கிறார். அவர் இடுப்பிலிருந்து தலைவரை எண்ணினால் மூன்றே மூன்று செங்கல். ஒவ்வொரு கல்லும் சூட்கேஸ் அளவு. பக்கத்து மில் சுவரில் உள்ள கல் எல்லாம் சாதாரண அளவுதான். கோபுரத்தின் அடியில் இரண்டு குலை தள்ளிய வாழைமரங்கள் வேறு.

சாரிடம் காட்டினேன்.

"ஸ்பெஷல் ஆர்டர் கொடுத்துச் செஞ்ச கல், சக்தி. கோபுரத்தோட கனத்தைத் தாங்கணும் இல்லையா?"

"வாழைமரம், சார்?"

"தோட்டக்கலை."

ஜூலை 6

மழை. துணி காயவில்லை. அபிதாவிடமிருந்து மெசேஜ்: "சித்தி, பிளெக்ஸ் வேணாம்னு அப்பாட்ட சொல்லேன். ஸ்கூல் பஸ் அந்த வழியாத்தான் போகும்." பதில் எழுதினேன், அழித்தேன். பெரியவர்கள் விஷயத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும்.

ஜூலை 8

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்று ஆளைத் தள்ளியது. ஒழுகும் இடத்தில் மாரப்பன் கட்டிய தார்ப்பாய் நாள் முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தேன். சட்டென்று புரிந்தது.

கண்ணாடித் தகட்டில் எடுக்கும் பழைய கேமராவில் படம் பதிய ஓரிரு விநாடி ஆகும். அதற்குள் எது அசைந்தாலும் கலங்கித் தெரியும். படத்தில் மில் புகைபோக்கி பளிச்சென்று இருக்கிறது. சுவர், கேட், விளக்குக் கம்பம் எல்லாம் பளிச். கோபுரம் மட்டும் கலங்கியிருக்கிறது. மேலே போகப் போக இன்னும் கலங்கல்.

கோபுரம் காற்றில் ஆடியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கோபுரத்தின் நடு வளைவுக்குக் கீழே ஒரு நாற்காலி, அலங்காரம் செய்தது. அதில் ஆள் இல்லை, வெள்ளையாகப் புகை மாதிரி ஏதோ. நாற்காலியிலிருந்து இடப்பக்கம் இழுத்துவிட்ட கறை. "அடையாளம் தெரியவில்லை" என்று குறித்துவைத்தேன்.

ஜூலை 9

சார் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், பிற்காலத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

"மில்லு ஓடறச்சே கோபுரம் அதிராதா? அந்த அதிர்வைத்தான் நீ பார்க்கறே. என் கட்டுரைக்கு இது இன்னும் பலம்."

பாய்லருக்குப் பக்கத்தில் நிற்கும் புகைபோக்கி ஏன் சார் அதிரவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கட்டுரையின் தலைப்பைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "திரட்டி: ஓர் இந்தியக் கண்டுபிடிப்பு."

ஜூலை 11

நவநீதன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மில்லில் பாதிப் பங்கு அவருடைய அத்தை தெய்வாத்தாளுக்கு. எண்பத்தைந்து வயது, ரேஸ்கோர்ஸ் பக்கம் தனியாக இருக்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லைத் தொட முடியாது. "நான் போனா எதாச்சும் திட்டுவாங்க. நீங்க இந்தப் படத்தைப் பெருசாக்கி எடுத்துட்டுப் போங்க. பழசைப் பாத்தா மனசு இளகிடும்."

போனேன். வெள்ளைப் புடவை, கையில் கைத்தடி, டீவியில் கிரிக்கெட். என்னைப் பார்த்து ஒலியைக் குறைத்தார்.

"வா கண்ணு, உக்காரு. என்ற அண்ணன் பையன் அனுப்புனானா? என்னமோ கோபுரம் கட்டறானாமா?"

படத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது தூசி திரட்டற கோபுரம்மா. பின்னாடி 'திரட்டி'ன்னு எழுதியிருக்கு. 1951லேயே..."

"தெரட்டியா?"

"ஆமாம்மா. திரட்டி."

கைத்தடி கீழே விழுந்தது. அவர் சிரிக்கிறாரா, மூச்சு முட்டுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் எடுத்து ஓடினேன்.

"நீ எந்த ஊரு அம்மிணி?"

"வள்ளியூர் பக்கம்."

"அதான். உங்கூர்ல அதுக்கு என்னன்னு சொல்லுவீங்க? சடங்கா? இங்க அதுக்குப் பேரு தெரட்டி. நான் வயசுக்கு வந்ததுக்கு எங்கய்யன் பண்ணுன சீரு கண்ணு இது!"

தண்ணீர் டம்ளரை மேசைமேல் வைத்தேன். மாரப்பனின் இருமல், டீக்கடைப் பெண்களின் முந்தானை, வாசலில் இருக்கும் போர்டு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"மதராசுல எதோ கோட்டையப் பாத்துப்போட்டு வந்து அதே மாதரி வேணும்னாரு. மூங்கில்ல கட்டி, நம்ம மில்லுக் காடாத் துணியவே சுத்தி, செங்கல்லாட்டப் பெயின்ட் அடிச்சாங்க. ஆனிக் காத்துல அது ஆடுன ஆட்டம்! என்ற தலைமேல உழுந்துருமோன்னு பயந்துட்டு உக்காந்திருந்தேன். மில்லு ஆளுக அத்தன பேரும் வரிசையா வந்து என்னையப் பாத்துட்டுப் போனாங்க. பதிமூணு வயசு."

விரலை வைத்து நாற்காலியைத் தொட்டார். "போட்டா எடுக்கறவரு அசையாம இருன்னாரு. நான் எந்திரிச்சு ஓடிட்டேன்."

அடையாளம் தெரியாத அந்த வெள்ளைப் புகை இவர்தான்.

"எங்கம்மா ஓடுனீங்க?"

"மில்லுக்குள்ள. எனக்குப் பந்தல் போட்டாரே கண்டி, எங்கய்யன் மில்ல நிறுத்தல. வாசலையொட்டி மொதப் பல்லுக்குக் கீழ போயி உக்காந்துட்டேன். மிசினு சத்தத்துல மேளச் சத்தம் காதுலயே உழுகல. அங்கிருந்த பொம்பளைக யாரும் என்னையத் திரும்பிப் பாக்கல, அவுங்களுக்கு வேலை இருந்துச்சு. அன்னைக்கு எனக்குக் கெடச்ச ஒரே நல்ல எடம் அதுதான்."

அந்த முதல் பல்லைத்தான் இடிக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. நான் கொண்டுபோயிருந்த சம்மதக் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் நகர்த்தி வைத்தார்.

"நீ இதை யாருகிட்டயும் சொல்லாத, அம்மிணி. இந்த வயசுல மறுக்காவும் என்னைய ஊரு சிரிக்க வேண்டாம்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஒலிபெருக்கிக் குழாயை ஸ்கூல் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். என் வகுப்புப் பையன்கள் பந்தியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பார்த்துப் பாயசம் குடித்தார்கள். இரண்டு வாரம் ஸ்கூலுக்குப் போகவில்லை. எனக்கு ஓடுவதற்கு ஒரு மில் இல்லை.

ஜூலை 12

உண்மையைச் சொன்னால் கூரை பிழைக்கும். சொன்னால் நானும் அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தவள் ஆவேன். ஆகவே பாதி உண்மையோடு சாரிடம் போனேன்.

"சார், அது துணி. மூங்கிலும் துணியும். அந்த ரெண்டு பல்லும் அதுக்குப் பின்னால இருந்தது."

"ஆதாரம்?"

"இருக்கு. ஆனா சொல்ல முடியாது."

சார் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "களைச்சுப் போயிருக்கே, சக்தி. நாளைக்கு ராத்திரி ரயில்ல சென்னைக்குக் கிளம்பு. மீதியை நான் பார்த்துக்கறேன். கையெழுத்தையும் நவநீதன் வாங்கிப்பார்."

ஜூலை 13

ரயில் போய்விட்டது. நான் போகவில்லை.

ஜூலை 14

பூமி பூஜை. ஷாமியானா, ஐயர், ஜேசிபிக்கு மாலை. அத்தையின் கையெழுத்து இன்னும் வரவில்லையாம். கூட்டம் முடிந்ததும் நேரே போய் வாங்கிவிடலாம், அதற்குள் இடித்தே வைத்துவிடலாம் என்று நவநீதன் முடிவு செய்துவிட்டார். மில்லின் பழைய ஆட்கள், அவர்களுடைய பிள்ளைகள், டீக்கடைப் பெண்கள், இரண்டு நிருபர்கள் என்று நல்ல கூட்டம். நான் கடைசி வரிசையில் மாரப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சார் மைக்கைப் பிடித்தார்.

"திரட்டி என்பது வெறும் கோபுரம் அல்ல. இந்த ஊரின் பெருமை. அன்று தொழிலாளர்கள் அனைவரும் திரண்டு வந்து இந்தத் திரட்டியைக் கண்டு வியந்தார்கள். அந்தத் திரட்டியை நாம் மீண்டும் நடத்தப் போகிறோம். இந்த முறை கான்கிரீட்டில். இனி வருடம் முழுவதும் திரட்டிதான்!"

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து ஓடினார். மாரப்பன் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். ஐயர் மந்திரப் புத்தகத்தால் முகத்தை மறைத்தார். கைதட்டுகிறார்கள் என்று நினைத்து சார் குனிந்து வணங்கினார்.

அப்போது ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. தெய்வாத்தாள் இறங்கினார். கைத்தடியை ஊன்றி ஊன்றி மேடைவரை வந்து மைக்கை வாங்கினார். என்னை ஒரு தரம் பார்த்தார்.

"அந்தத் தெரட்டி என்னோடதுங்க."

மாரப்பன் துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

"அது தூசிக்குக் கட்டுனது இல்லீங்க. நான் வயசுக்கு வந்ததுக்குக் கட்டுன துணிப் பந்தல். ஊரே சிரிக்கறீங்க. சிரிங்க, எனக்கும் மூணு நாளா சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது. ஆனா ஒண்ணு. எனக்கு ஒருக்கா பண்ணுனது போதும். எம்பத்தஞ்சு வயசுல மறுக்கா கான்கிரீட்டுல வேண்டாம்."

முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு ஷாமியானாவே குலுங்கியது. ஜேசிபி டிரைவர் இறங்கி வந்து கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார். நவநீதன் வாசல் போர்டைப் பார்த்தார். 'தி திரட்டி - ஹெரிட்டேஜ் வெட்டிங்ஸ்.' முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம்.

"இங்க பாரு சாமி. கல்யாண மண்டபம் வேணும்னா கட்டு. அந்த மொதப் பல்லும் ரெண்டாம் பல்லும் அப்படியே இருந்தா என்ற கையெழுத்து இருக்கும். அதைத் தொட்டீன்னா இல்ல."

"சரிங்க அத்தை."

ஜேசிபி மாலையோடு திரும்பிப் போனது.

கிளம்பும்போது காருக்கு அருகே போனேன். "நான் சொல்லலம்மா."

"தெரியும் கண்ணு. நீயோ சொல்ல மாட்ட. வேற யாரு சொல்லுவா? நாந்தான் சொல்லோணும். சொல்லிப்போட்டா ஒண்ணுமே இல்ல பாத்துக்க."

சாயங்காலம் சார் கூப்பிட்டார். நான் சென்னைக்குப் போகாததைப் பற்றி மூச்சே இல்லை. "சக்தி, 'துணியில் எழுந்த தற்காலிகக் கட்டடக் கலை' எப்படி இருக்கு தலைப்பு? அது ஆடறதை நான் முதல்லயே கவனிச்சேன்."

ஜூலை 16

வள்ளியூர். இரவு பஸ்ஸில் வந்து விடியும்போது இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே பிளெக்ஸ். அபிதாவைத் தாமரைப்பூவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் மயில். கீழே மாமன்மார் எல்லோரும் கறுப்புக் கண்ணாடியில். அபிதா தலைக்கு மட்டும் நான்கு அடி உயரம்.

வீட்டுக்குப் போய் அக்காவை அடுக்களைக்குள் இழுத்தேன்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குக்கா. ஒண்ணு விடாம."

சொன்னேன். குழாய், பையன்கள், பாயசம். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா."

"இப்போ சொல்லுதேன்."

ஏணியை அக்காதான் பிடித்தாள். பிளெக்ஸை இறக்கிச் சுருட்டும்போது மயிலின் வால் கொஞ்சம் கிழிந்தது. பிறகு அத்தான் தேடியபோது அக்கா, "காத்துல பிச்சிட்டுப் போயிட்டு" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னாள். ஊரைச் சுற்றிக் காற்றாலை சுழலும் இந்தப் பக்கத்தில் அதை யாரும் சந்தேகிக்கவில்லை. சடங்கு வீட்டுக்குள், பொம்பளைகளோடு முடிந்தது. அபிதா இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தாள்.

ஜூலை 18

கோயம்புத்தூர். ஆடிக் காற்று. முதல் பல்லுக்கும் இரண்டாம் பல்லுக்கும் நடுவே ஒழுகுகிற இடத்தில் மாரப்பனும் நானும், ஊரிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த பிளெக்ஸை விரித்துக் கட்டினோம். அளவெடுத்து அடித்தது போல் பொருந்திவிட்டது. அடியில் போய் நின்றேன். ஒரு சொட்டு விழவில்லை. சிவப்புப் பெருக்கல் குறியை மாரப்பன் சுண்ணாம்பால் அழித்துக்கொண்டிருந்தார்.

அபிதாவுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். உடனே பதில்.

"சித்தி, என் மூஞ்சி மேல பாத்து இருக்கா, கீழ பாத்து இருக்கா?"

"மேல. காக்கா மட்டுந்தான் பார்க்கும்."

"காக்கா பாத்தா பரவால்ல."